உட்காரச் சொன்னவள்

சுபைதா பேகம் பேச ஆரம்பித்தால் மாட்டேன் என்று சொல்ல ஆள் கிடையாது. வண்ணார்பேட்டையில் பஸ்கள் திரும்புகிற இடத்தில் இருக்கும் அந்தப் பெரிய ஜவுளிக்கடையில் மூன்றாவது மாடி முழுக்கச் சேலை. அந்த மாடிக்கு அவள்தான் சூப்பர்வைசர். கல்யாணப் பெண் வெங்காயக் கலர் கேட்பாள், மாமியார்க்காரி அரக்குதான் என்று ஒற்றைக்காலில் நிற்பாள், கூட வந்த ஆண்கள் எல்லாரும் சுவரைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் சுபைதாவைக் கூப்பிட்டால் போதும். பைய வந்து, இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு என்னத்தையோ பேசுவாள். கடைசியில் இரண்டு பேருமே தாங்கள்தான் ஜெயித்தோம் என்கிற நினைப்பில் பில் போடப் போவார்கள்.

மேலப்பாளையத்தில் பிறந்தவள். உம்மா பீடி சுற்றினாள், மாமி சுற்றினாள், தெருவே சுற்றியது. மடியில் பீடித்தட்டை வைத்துக் குனிந்து உட்கார்ந்தால் உம்மா நிமிர்வதற்குச் சாயங்காலம் ஆகிவிடும். நிமிரும்போதும் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த முதுகைப் பார்த்து வளர்ந்தவளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை என்றாலே ஆகாது. கல்யாணமாகி, புருஷன் சிராஜுதீன் கடல் தாண்டித் தம்மாமில் ஒரு பலசரக்குக் கடைக்கு வேலைக்குப் போன பிறகு, இவள் இந்த ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். நிமிர்ந்து நின்று செய்கிற வேலை என்பதில் அவளுக்கு ஒரு பெருமையே இருந்தது.

நின்றுதான் செய்ய வேண்டும், வேறு வழியும் இல்லை. முதலாளி தேவசிகாமணி அண்ணாச்சி கடையைத் தொடங்கிய நாளிலிருந்தே அதுதான் சட்டம். கடைக்குள் உட்காரலாம் என்றால் கல்லாவில் அண்ணாச்சி உட்காரலாம், சேலை பார்க்க வந்தவர்கள் உட்காரலாம். விற்கிறவர்கள் காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து ராத்திரி இறக்குகிற வரை நிற்க வேண்டும். கவுண்டரில் சாய்வதுகூடக் குற்றம். சூப்பர்வைசர் ஆன பிறகு அந்தக் குற்றத்தைக் கண்டுபிடிப்பது சுபைதாவின் வேலையாகிவிட்டது. யாராவது தூணில் லேசாகத் தோளை ஒட்டினால் போதும், "என்னளா, தூணு விழுந்துராம முட்டுக் குடுக்கியோ?" என்பாள். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். சாய்ந்தவளும் சிரித்துக்கொண்டே விலகி நிற்பாள். கெஞ்சியோ மிரட்டியோ அவள் யாரையும் நிற்க வைத்ததில்லை, சிரிக்க வைத்தே நிற்க வைத்துவிடுவாள்.

ஆனால் மனுஷி ஜென்மம் எவ்வளவு நேரம் நிற்கும்? அதற்கு ஒரு மூலை இருந்தது. பாவாடை ரேக்குக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடம். மேலே இருந்த கேமரா என்னதான் தலையை நீட்டினாலும் அங்கே எட்டாது. உடைக்காத பண்டல் இரண்டு எப்போதும் அங்கே கிடக்கும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஒவ்வொருத்தியாக அங்கே போய்ச் செத்த நேரம் உட்கார்ந்து, காலை நீவிவிட்டுக்கொண்டு வருவார்கள். சுபைதாவுக்கு இது தெரியாமல் இருக்குமா? அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால், நாலடி தள்ளி நின்று வேறு யாரையாவது சத்தம் போட்டுத் திட்டுவாள். அந்தச் சத்தத்தில் உள்ளே இருப்பவள் எழுந்து வந்துவிடுவாள். சுபைதாவுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அது பற்றி இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கடை அப்படித்தான் ஓடியது.

அந்த மூலையில் அதிகம் உட்கார்ந்தவள் இசக்கியம்மா. தச்சநல்லூர்க்காரி, சுபைதாவைவிட மூன்று நாலு வயது இளையவள், அவளுக்கு அடுத்தபடியாக அந்த மாடியில் பழைய ஆள். புருஷன் சிவசைலம் திருப்பூருக்கு வேலைக்கென்று போனவன் போனவன்தான். ஒரே மகள் நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள், முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அந்த ஒரு வருஷத்தை எப்படியாவது நின்று கடத்திவிட வேண்டும் என்பதுதான் இசக்கியம்மாவின் கணக்கு. கால்தான் ஒத்துழைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு, கணுக்காலில் புண் வந்து ஆறாமல் கிடந்தது. சேலைக் கரையை இழுத்து இழுத்து மறைப்பாள். ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் டாக்டர், காலைத் தொங்கப்போட்டு நிற்பதை விட்டாலொழிய இது ஆறாது, வளர்ந்தால் ஆபத்து என்று சொல்லிவிட்டார். நிற்பதை விட்டால் சோறு? அதை டாக்டரிடம் கேட்கவா முடியும்.

அப்படியிருக்கும்போதுதான் அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி வந்து, மகன் ஆல்வின் கடைக்கு வந்தான். கோயம்புத்தூரில் படித்தவன். கெட்ட பையன் என்று சொல்லக்கூடாது. வயசில் மூத்தவர்களை அக்கா, அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான், குரலை உயர்த்த மாட்டான். கடைகளில் நிற்கிற ஆட்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டு வருஷங்கள் ஆகியும் அண்ணாச்சி காதில் வாங்காமல் இருந்தார். ஆல்வின் வந்ததும் முதல் வேலையாக ஒரு வண்டி நிறைய ஸ்டூல் வந்து இறங்கியது. மூன்றாவது மாடிக்கும் கவுண்டருக்கு ஒன்று என்று போட்டார்கள். பளபளவென்று நன்றாகத்தான் இருந்தன.

ஒருத்தியும் உட்காரவில்லை.

ஆல்வின் அசரவில்லை. மாற்றத்தை மனசு ஏன் ஏற்க மறுக்கிறது என்று பாடம் எடுக்க சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்தான். வந்தவர் எல்லாரையும் மொட்டைமாடிப் பந்தலில் உட்கார வைத்து, பலூன் ஊதச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார், பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார். மகராசிகள் எல்லாவற்றையும் செய்தார்கள். அரைநாள் கால் நீட்டி உட்கார்ந்தது பரம சுகம் என்று பேசிக்கொண்டு கீழே இறங்கிப் போய், அவரவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றார்கள். அடுத்த மாதம் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஸ்டூல் இருக்கிறது சரி, ஆட்களை உட்கார விடுகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். ஆல்வினுக்கு முகம் வாடிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் சுபைதாவைக் கூப்பிட்டான். நான் சொன்னால் பயப்படுகிறார்கள், நீங்கள் பேசினால் கேட்பார்கள் என்றான். அவன் அப்படிக் கேட்டதில் கள்ளம் ஒன்றும் இல்லை. சுபைதாவுக்கு இசக்கியம்மாவின் கணுக்கால்தான் கண்ணில் வந்தது. இது நல்ல காரியம், நன்மை சேரும் என்று நினைத்துக்கொண்டே மாடி ஏறினாள்.

ஒவ்வொருத்தியாகக் கேட்டுப் பார்த்தாள். உட்கார்ந்தால் போணி ஆகாது என்றாள் ஒருத்தி. ஸ்டூல் உயரம் பத்தாது, சேலை எடுத்துப்போட முடியாது என்றாள் இன்னொருத்தி. சேலை மடிப்பு கசங்கும், பழக்கமில்லை, தூக்கம் வரும், இப்படி ஆளுக்கொன்று. எல்லாம் சாக்கு என்று சுபைதாவுக்குத் தெரியும். பத்து வீட்டு மாமியாரைச் சமாளித்தவளிடமா? ஒவ்வொரு சாக்குக்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். ஆனாலும் எவளும் அசையவில்லை. கடைசியில் இசக்கியம்மாதான் உள்ளதைச் சொன்னாள்.

"நாங்க ஸ்டூலப் பாத்தா பயப்படுதோம்? அதுக்கு மேல இருக்க கேமராவப் பாத்துல்லாக்கா பயப்படுதோம். எங்களுக்கு அந்த மூலையே போதும்."

சுபைதாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக வாயில் வராத மூலை இப்போது வந்துவிட்டது. வந்ததும் அவளுக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது. சட்டமே உட்கார் என்று சொல்லும்போது, ஏன் திருடிகள் மாதிரி ரேக்குக்குப் பின்னால் ஒளிய வேண்டும்? அந்த மூலை இருக்கிறவரை இவர்கள் ஸ்டூலுக்கு வர மாட்டார்கள் என்று அவளுக்குப் பட்டது. யோசித்திருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் அவள் யோசித்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் ஆளைவிட்டுப் பண்டலை எடுக்கச் சொல்லி, அங்கே இரண்டு பொம்மைகளைச் சேலை கட்டி நிறுத்திவிட்டாள்.

பிறகு, எல்லாரும் பார்க்க, கேமராவுக்கு நேர் கீழே ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவளே உட்கார்ந்தாள். அன்று முழுக்க வாடிக்கையாளர் வந்தால் எழுந்தாள், போனதும் உட்கார்ந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஆல்வின் ஒரு தடவை மாடிக்கு வந்தவன் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். சாயங்காலம் இசக்கியம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"பைய உக்காரு. ஒளிஞ்சு உக்காந்தாத்தான் தப்பு, வெளிச்சத்துல உக்காந்தா என்ன தப்பு? எவனாவது ஒரு சொல்லு சொன்னா நான் முன்னால நிக்கேன் ஒனக்கு. அல்லா மேல ஆணை."

இசக்கியம்மா உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள், போட்டோ எடுக்கப் போனவள் மாதிரி. அவள் உட்கார்ந்ததைப் பார்த்து ஒரு வாரத்துக்குள் மாடி முழுக்க உட்கார்ந்துவிட்டது. இரண்டு பேர் நிற்பது, இரண்டு பேர் உட்காருவது என்று சுபைதா முறை வைத்தாள். இசக்கியம்மாவுக்கு மட்டும் முறை கிடையாது. அவள் நினைத்தபோது உட்காரலாம், காலை இன்னொரு ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, அந்தக் காலை அவர்களும் பார்த்தவர்கள்தானே.

தீபாவளி முடிந்து பொங்கலும் முடிகிறவரை நல்ல காலம்தான். கூட்டத்தில் உட்கார நேரம் கிடைக்கவில்லை என்றாலும், கிடைத்த நேரத்தில் உட்கார்ந்தார்கள். இசக்கியம்மாவின் புண் ஓரம் காய்ந்து, தோல் கூட ஆரம்பித்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கட்டை அவிழ்த்துச் சுபைதாவுக்குக் காட்டினாள். "பாத்தியளாக்கா, ஒங்க புண்ணியம்" என்றாள். சுபைதா அன்று ராத்திரி போனில் சிராஜுதீனிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். சம்பளம் கூட்டிக் கொடுத்த நாளில்கூட அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசியதில்லை.

மாசி மாதம் ஜவுளிக்கடையில் ஈ ஓட்டுகிற மாதம். முகூர்த்தக் கூட்டம் போக மற்ற நாளில் மாடியே வெறிச்சென்று கிடக்கும். அப்படி ஒரு மத்தியானம் ஆல்வின் சுபைதாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். உட்காருங்கள் அக்கா என்று நாற்காலியைக் காட்டினான். மேசைமேல் இருந்த திரையில் மூன்றாவது மாடி ஓடியது. எல்லா ஸ்டூலிலும் ஆள். இசக்கியம்மா காலைத் தூக்கி வைத்து, முன்னால் குனிந்து கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

நீங்கள் செய்தது பெரிய காரியம், வேறு எந்த மாடியிலும் இது நடக்கவில்லை என்று முதலில் பாராட்டினான். சுபைதாவும் வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவன் நிதானமாகச் சொன்னான். இத்தனை நாள் எல்லாரும் நின்றுகொண்டே இருந்ததால் எல்லாருக்கும் வேலை இருக்கிறது என்றுதான் அப்பாவும் நானும் நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது பார்த்தால்தான் தெரிகிறது, இந்த மாடிக்கு இத்தனை பேர் வேண்டியதில்லை. நாலு பேரை எடுத்துவிடலாம். யார் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டேன், அந்த நாலு பேர். முதல் பேர் இசக்கியம்மா.

சுபைதா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "தம்பி, அவ வேல இல்லாம உக்காரல. கால் முடியாம உக்காந்தா. நாந்தான் உக்காரச் சொன்னேன்" என்றாள்.

கால் முடியாதவர்களை வைத்திருந்து நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் கடைக்குத்தானே கஷ்டம் என்றான் அவன். அதையும் அக்கறையாகத்தான் சொன்னான். அவள் மறுபடி வாயெடுக்கப் போகும்போது, இரண்டு மாடிக்கு ஒரு சூப்பர்வைசர் போதும் என்று ஆடிட்டர் சொல்லிக்கொண்டே இருக்கிறார், நான்தான் சுபைதாக்கா இருக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்றான். மிரட்டினானா, உள்ளதைச் சொன்னானா, அது அவனுக்கே வெளிச்சம். சிராஜுதீன் அந்த வருஷத்தோடு தம்மாமை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவதாக இருந்தது. இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா. முன்னால் நிற்பேன் என்று ஆணையிட்டவள், நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாள்.

எழுந்து கதவருகே வந்தபோது ஆல்வின் சொன்னான், "நீங்களே அவங்கட்ட சொல்லிருங்கக்கா. நீங்க சொன்னா பிரச்சினையில்லாம கேட்டுக்கிடுவாங்க."

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில்தான் சொன்னாள். மற்ற மூன்று பேரிடமும் ஏற்கெனவே சொல்லியாயிற்று. ஒருத்தி அழுதாள், ஒருத்தி திட்டினாள், ஒருத்தி வேறு கடை பார்த்துக்கொள்கிறேன் என்று போய்விட்டாள். திட்டியவள்மேல்கூட சுபைதாவுக்கு வருத்தமில்லை. இசக்கியம்மா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. டவுண் பஸ் ஒன்று வந்தது, ஏறாமல் விட்டாள். அடுத்ததையும் விட்டாள். பிறகு கேட்டாள்.

"அந்த மூலைலயே இருந்திருந்தா தெரிஞ்சிருக்காதுல்லாக்கா?"

மூன்றாவது பஸ்ஸில் இசக்கியம்மா ஏறிப் போய்விட்டாள். சீட்டு காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனதைச் சுபைதா கீழேயிருந்து பார்த்தாள்.

மறுநாளிலிருந்து மூன்றாவது மாடியில் எவளும் உட்காரவில்லை. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, யாரும் யாரையும் தடுக்கவில்லை. ஸ்டூல்மேல் தண்ணீர் பாட்டில் வைத்தார்கள், பில்லுக்குப் போக வேண்டிய சேலையை வைத்தார்கள். மூலையில் பொம்மைகள் நின்றன. சாயாமல், தூணைத் தொடாமல், கையை முன்னால் கட்டிக்கொண்டு, மிச்சமிருந்தவர்கள் நாள் முழுக்க நின்றார்கள். முன்பாவது அந்த ஒரு மூலை இருந்தது, இப்போது அதுவும் இல்லை. பாவிமகள் இருந்ததையும் கெடுத்தாள் என்று அவர்கள் மனசுக்குள் சொல்லியிருப்பார்கள். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சுபைதாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர்கள் அக்கா, அக்கா என்று எப்போதும்போலத்தான் பேசினார்கள். சுபைதாவும் அவர்களோடு நின்றாள். அவளையும் யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அதிகாரி மறுபடி வந்தபோது, ஏன் நிற்கிறீர்கள், உட்காருங்களேன் என்று அவர்களிடமே கேட்டார். எங்களுக்கு நின்றுதான் சார் பழக்கம் என்றார்கள். அவர் சுபைதாவைத் திரும்பிப் பார்த்தார், ஆல்வினும் பார்த்தான். ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லுங்களேன் அக்கா என்றான். அவளால் முடியவில்லை. இந்தச் சனியன்பிடித்த வேலையை விட்டுவிடுவோம் என்று தினமும் ராத்திரி நினைப்பாள், காலையில் கிளம்பிவிடுவாள். சிராஜுதீன் போனில், உன் நிய்யத்து, மனசில் வைத்த எண்ணம், நல்லதுதானே, அதை அல்லா அறிவான் என்று தேற்றினான். அல்லா அறிவான், சரி. இசக்கியம்மா வீட்டு அடுப்புக்கு அது தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

சித்திரை பிறந்த பிறகு, இசக்கியம்மா டவுணில் ஒரு ரத வீதிக் கடையில் சேர்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டாள். பெரிய கடை ஒன்றுமில்லை. ஜாக்கெட் துணி, லைனிங் துணி விற்கிற மேட்சிங் சென்டர், ஒற்றை ஷட்டர். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, ஜும்ஆத் தொழுகை நேரம் கழிந்து சுபைதா அங்கே போனாள். போய் என்ன பேசுவது என்று பஸ்ஸில் போகும்போதே நாலைந்து விதமாக யோசித்து வைத்திருந்தாள். மன்னிப்புக் கேட்பதா, மகள் படிப்பை விசாரிப்பதா, என்னால் ஆனது செய்கிறேன் என்பதா.

இசக்கியம்மா பார்த்ததும் சிரித்தாள். மெலிந்திருந்தாள். அடியில் திறந்து கிடந்த குறுகலான கவுண்டருக்குப் பின்னால், துணிச் சுருள்களுக்கு நடுவில், வலது காலில் பாரத்தைப் போட்டு ஒருக்களித்து நின்றாள். இடது கணுக்காலில் கட்டு தடிப்பாக இருந்தது, மேல் சுற்றுவரை ஈரம் கசிந்திருந்தது. மருந்து வாடை அடித்தது. மகள் பரீட்சை எழுதுகிறாள், பாஸாகிவிடுவாள் என்று அவளே சொன்னாள். இந்த முதலாளி நல்லமாதிரி, அதிகம் பேச மாட்டார் என்றாள்.

சுபைதா கடையைச் சுற்றிப் பார்த்தாள். கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருந்தார். வேறு ஒரு நாற்காலியோ ஸ்டூலோ அந்தக் கடையில் இல்லை. அவளுக்கு மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, நான் வேண்டுமானால் இவரிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கட்டுமா, ஒரு ஸ்டூல் போடச் சொல்லி, என்று ஆரம்பித்தாள்.

இசக்கியம்மாவின் முகம் வெளிறிவிட்டது. ஒரு தடவை கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கவுண்டருக்கு அடியில் கையை விட்டுச் சுபைதாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"வேண்டாம்க்கா. ஒங்க காலுல விழுதேன். இனிமே எனக்கு நல்லது எதுவும் செஞ்சிராதீங்க."

சுபைதா சரி என்று தலையாட்டுகிறவரை அவள் அந்தக் கையை விடவே இல்லை.